கியர் டைட்டாக விழுகிறதா? கியர் பாக்ஸை இறக்கும் முன் இதைப் பாருங்கள்

"கியர் டைட்டாக விழுது" என்று ஒர்க்‌ஷாப்பில் போய்ச் சொன்னால் பெரும்பாலும் கிடைக்கும் பதில், "கிளட்ச் போயிருக்கும் சார், கியர் பாக்ஸை இறக்கிப் பார்த்துடலாம்." பல நேரம் அது சரியாகவும் இருக்கும். ஆனால் கியர் பாக்ஸை இறக்குவது சின்ன வேலை கிடையாது. இறக்கியபின் "இவ்வளவு தூரம் வந்தாச்சு" என்று கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுவார்கள். அதன்பிறகும் கியர் பழையபடியே விழுந்தால் காரின் சொந்தக்காரருக்கு எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கோளாறு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை எந்தக் கருவியும் இல்லாமல், வீட்டு வாசலிலேயே பத்துப் பதினைந்து நிமிடத்தில் பெருமளவு கண்டுபிடித்துவிடலாம். மெக்கானிக்கிடம் போகும் முன் அதைச் செய்துவிட்டுப் போங்கள் என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். கிளட்ச் பெடலை மிதிக்கக் கால் வலிக்கிறது என்பது ஒரு புகார். கியர் ராடு இழுத்தால் வர மறுக்கிறது, அல்லது கிர்ரென்று கத்திக்கொண்டு விழுகிறது என்பது வேறு புகார். பிளேட் தேயத் தேய பெடல் கனமாவது வழக்கம். கேபிள் உள்ளே துருப்பிடித்தாலும் கனமாகும். அப்படிப்பட்ட காரில் கியர் வெண்ணெயாக விழுவதும் உண்டு. பெடல் லேசாக இருந்தும் கியர் விழாத காரும் உண்டு. இங்கே நாம் பார்ப்பது கியர் ராடின் பிரச்சினையை மட்டும்.

உள்ளே என்ன நடக்கிறது?

என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருப்பது கிளட்ச். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் ஃப்ளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் இடையில் கிளட்ச் பிளேட் அழுந்தி நிற்கும். பெடலை மிதித்தால் பிரஷர் பிளேட் பின்வாங்கி, பிளேட் விடுபடும். அப்படிப் பின்வாங்கும் தூரம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உங்கள் கால் பெடலைப் பத்து சென்டிமீட்டருக்கு மேல் கீழே அழுத்துகிறது. அந்தப் பயணம் முழுவதும் கடைசியில் சுருங்கி இந்த ஒன்றிரண்டு மில்லிமீட்டராகத்தான் பிளேட்டைச் சேர்கிறது. பெடலில் கொஞ்சம் பயணம் குறைந்தாலும் பிளேட் முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே இருக்கும். மெக்கானிக்குகள் இதைத்தான் "கிளட்ச் கட் ஆகலை" என்பார்கள்.

அடுத்தது கியர் பாக்ஸ். நாம் ராடை நகர்த்தும்போது பல்சக்கரங்களே நகர்ந்து ஒன்றோடொன்று கோர்க்கின்றன என்று பலரும் நினைக்கிறார்கள். இன்றைய கார்களில் முன்னோக்கிச் செல்லும் கியர்கள் எல்லாம் எப்போதும் கோர்த்தபடியேதான் சுற்றுகின்றன. ராடு நகர்த்துவது ஸ்லீவ் என்ற வளையத்தை. அது நாம் கேட்கும் கியரின் பக்கவாட்டில் உள்ள சிறு பற்களில் போய் மாட்டி, அந்தக் கியரை ஷாஃப்ட்டோடு, அதாவது சுற்றும் தண்டோடு, பூட்டுகிறது. மாட்டுவதற்கு முன் இரண்டின் வேகமும் ஒன்றாக வேண்டும். அந்த வேலையைச் செய்வது சிங்க்ரோ ரிங். பெரும்பாலும் பித்தளையில் செய்த கூம்பு வளையம். கியரின் கூம்புமீது உரசி, அதன் வேகத்தை ஸ்லீவின் வேகத்துக்குக் கொண்டுவரும். வேகம் சமமாகும்வரை ஸ்லீவை முன்னே போக விடாமல் தடுத்தும் நிற்கும். ராடைத் தள்ளும்போது ஒரு நொடிக்கும் குறைவாகக் கையில் தட்டுப்படுகிறதே ஒரு மெல்லிய தடை, அது இந்த ரிங் வேலை செய்யும் நேரம். 1928-ல் கேடிலாக் காரில்தான் இந்த ஏற்பாடு முதன்முதலில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் பெரும்பாலான டிரைவர்களும், இங்கே பழைய லாரி ஓட்டியவர்களும், டபுள் கிளட்ச் போட்டுத்தான், அதாவது ஒரு கியர் மாற்றக் கிளட்சை இருமுறை மிதித்துத்தான், கியர் மாற்றினார்கள்.

ஒரு கணக்கைப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஒரு சிறிய காரில் முதல் கியரின் விகிதம் 3.5 (வெளியே போகும் ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற, உள்ளே வரும் ஷாஃப்ட் 3.5 சுற்று சுற்றும்), இரண்டாவது 1.9 என்று வைப்போம். முதல் கியரில் 3,000 ஆர்.பி.எம்.மில் போகும்போது கிளட்சை மிதித்து செகண்டுக்கு மாற்றுகிறீர்கள். கார் அதே வேகத்தில்தான் போகிறது. ஆனால் கியர் பாக்ஸுக்குள் வரும் இன்புட் ஷாஃப்ட் 3,000-லிருந்து சுமார் 1,630-க்கு இறங்கியாக வேண்டும். அந்த ஷாஃப்ட்டையும் அதில் மாட்டியிருக்கும் கிளட்ச் பிளேட்டையும் சேர்த்து, அந்தச் சின்னப் பித்தளை ரிங்தான் நிறுத்திப் பிடிக்கிறது. நான்காவதிலிருந்து ஐந்தாவதுக்கு (0.97-லிருந்து 0.76) போகும்போது 3,000 என்பது சுமார் 2,350-க்கு இறங்கினால் போதும். செகண்ட் கியரின் சிங்க்ரோ முதலில் தேய்வதும், டைட்டாக விழுகிறது என்ற புகார் அந்தக் கியரில் அதிகம் வருவதும் இதனால்தான்.

இப்போது கிளட்ச் முழுதாகக் கட் ஆகவில்லை என்று வையுங்கள். சிங்க்ரோ ரிங் இன்புட் ஷாஃப்ட்டை அடக்கப் பார்க்கிறது; உரசிக்கொண்டிருக்கும் பிளேட் வழியாக என்ஜின் அதே ஷாஃப்ட்டைச் சுற்றிவிடப் பார்க்கிறது. என்ஜினை எதிர்த்து அந்த ரிங் எப்படி ஜெயிக்கும்? ராடு இறுகி நிற்கும். கைக்கு அது கியர் பாக்ஸ் கோளாறாகத்தான் தெரியும், ஆனால் கோளாறு கிளட்சில். அப்படியே மாதக்கணக்கில் ஓட்டினால் நல்ல சிங்க்ரோவும் தேய்ந்து, கடைசியில் இரண்டு கோளாறும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் "டைட்டா இருந்தாலும் விழுதே" என்று தள்ளிப்போடக் கூடாது என்கிறேன்.

என்ஜினை அணைத்தும் ஓடவிட்டும் ஒரு சோதனை

சமதளத்தில் காரை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணையுங்கள். கிளட்சை முழுதாக மிதித்து, ஒன்று முதல் ஐந்து வரை, பிறகு ரிவர்ஸ், எல்லாவற்றையும் நிதானமாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒரு கியர் போக மறுத்தால் உடனே பயப்பட வேண்டாம். நின்றிருக்கும் காரில் ஸ்லீவின் பல்லும் கியரின் பல்லும் நேருக்கு நேர் முட்டிக்கொள்வது சகஜம். நியூட்ரலுக்கு வந்து, ஹேண்ட் பிரேக்கை விட்டு, காரை ஓர் அடி தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள். அதன்பின் விழுந்துவிட்டால் அது கோளாறு இல்லை.

என்ஜின் அணைந்திருக்கும்போதே எல்லாக் கியரும் இறுக்கமாக இருக்கிறதா? அப்படியானால் கிளட்ச் மேல் சந்தேகப்பட இப்போதைக்குக் காரணம் இல்லை. என்ஜினே சுற்றாதபோது கிளட்ச் கட் ஆனால் என்ன, ஆகாவிட்டால் என்ன? கோளாறு கியர் ராடிலிருந்து கியர் பாக்ஸ் வரை போகும் இணைப்பில் இருக்கும். இல்லாவிட்டால் பாக்ஸின் உள்ளே.

அணைத்தபோது லேசாக விழுகிறது, ஸ்டார்ட் செய்து நின்ற இடத்திலேயே ஃபர்ஸ்ட் போட்டால் முரண்டு பிடிக்கிறது, ரிவர்ஸ் கத்துகிறது என்றால் கிளட்ச் கட் ஆகவில்லை என்று பெருமளவு நம்பலாம். உறுதி செய்ய ரிவர்ஸ் கியர் நன்றாக உதவும். பல சிறிய கார்களில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ கிடையாது. கிளட்சை மிதித்த உடனே போட்டால் நல்ல காரிலும் ஒரு கிர்ர் கேட்கலாம், ஏனென்றால் உள்ளே ஷாஃப்ட் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கும். எனவே கிளட்சை முழுதாக மிதித்தபடி மனத்துக்குள் ஐந்து எண்ணிவிட்டு மெதுவாகப் போடுங்கள். கிளட்ச் சரியாகக் கட் ஆகியிருந்தால் அதற்குள் ஷாஃப்ட் நின்றிருக்கும், சத்தமில்லாமல் விழும். ஐந்து எண்ணிய பிறகும் கத்தினால், ஷாஃப்ட்டை என்ஜின் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

இன்னொரு அடையாளமும் உண்டு. எதிரே யாரும் எதுவும் இல்லாத சமதளத்தில் பிரேக்கை மிதித்தபடி ஃபர்ஸ்ட் கியர் போட்டு, கிளட்சை முழுதாக அழுத்தியே வைத்துக்கொண்டு, பிரேக்கை மட்டும் மெல்ல விடுங்கள். கார் தானாக ஊர்ந்தால் கிளட்ச் உரசுகிறது. சிக்னலில் முதலில் அசையாமல் நின்ற கார், பெடலை மிதித்தே வைத்திருக்கும்போது சில நொடி கழித்து ஊரத் தொடங்குகிறது என்றால் இன்னும் குறிப்பாகச் சொல்லலாம்: ஆயில் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்சில், பெடலோடு சேர்ந்த மாஸ்டர் சிலிண்டருக்குள் சீல் அழுத்தத்தைத் தாங்காமல் விடுகிறது. இதில் வெளியே ஒரு சொட்டு ஒழுகாது, ஆயில் மட்டமும் குறையாது. இதனால் பலருக்கும் பிடிபடாமல் போகும் கோளாறு இது.

நின்ற இடத்தில் என்ஜின் ஓடும்போதும் எல்லாம் நன்றாக விழுகிறது, ஆனால் கார் போய்க்கொண்டிருக்கும்போது ஒரே ஒரு கியர் மட்டும் கத்துகிறது, பெரும்பாலும் செகண்ட் அல்லது தேர்ட் என்றால், அந்தக் கியரின் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் டபுள் கிளட்ச் போட்டுப் பாருங்கள்: கிளட்சை மிதித்து நியூட்ரல், கிளட்சை விட்டு, மறுபடி மிதித்துக் கியர். கீழ்க் கியருக்கு இறங்குவதானால் நியூட்ரலில் இருக்கும்போது லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுக்க வேண்டும். இப்படிச் செய்தால் கத்தாமல் விழுகிறதா? சிங்க்ரோ செய்ய வேண்டிய வேலையை உங்கள் கால் செய்துவிட்டது. சந்தேகம் தீர்ந்தது.

கிளட்ச்தான் என்று தெரிந்தபின்

தெரிந்த உடனே பிளேட்டை மாற்றக் கிளம்ப வேண்டாம். கிளட்ச் கட் ஆகாததற்கான காரணங்களில் பல, கியர் பாக்ஸைத் தொடாமலே சரிசெய்யக்கூடியவை.

முதலில் குனிந்து காலடியைப் பாருங்கள். கம்பெனி மேட்டின்மேல் இன்னொரு ரப்பர் மேட், அதன்மேல் தடித்த கார்பெட் மேட் என்று போட்டிருப்பார்கள். கிளட்ச் பெடல் தரைவரை போகாமல் மேட்டில் இடித்து நிற்கும். பெடல் பயணத்தின் கடைசிப் பகுதிதான் பிளேட் முழுதாக விடுபடும் பகுதி, அது இங்கே போய்விடுகிறது. மேட்டை எடுத்துப் போட்டுவிட்டு ரிவர்ஸ் சோதனையை மறுபடி செய்யுங்கள். சீட்டைப் பின்னால் தள்ளி உட்கார்ந்து, பெடலை முக்கால் பங்கு மட்டும் மிதிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே கதைதான்.

மாருதி 800, ஆல்டோ போன்ற சிறிய கார்களில் கிளட்ச் கேபிளில் இயங்குகிறது. பெடலை விரலால் அழுத்தினால் எதிர்ப்பில்லாமல் கொஞ்ச தூரம் ஆடும், அது பிளே. எத்தனை மில்லிமீட்டர் என்று அந்தந்தக் காரின் கையேட்டில் இருக்கும். கேபிள் நீண்டு பிளே அதிகமானால் கிளட்ச் கட் ஆகாது. பிளே சுத்தமாக இல்லாமல் போனால் கிளட்ச் சறுக்கும். கியர் பாக்ஸ் பக்கம் கேபிளின் நுனியில் இருக்கும் நட்டைத் திருகி அட்ஜஸ்ட் செய்வது சில நிமிட வேலை. இழைகள் பிரிந்திருந்தால் கேபிளையே மாற்ற வேண்டும். அதற்கும் பாக்ஸை இறக்கத் தேவையில்லை.

ஹைட்ராலிக் கிளட்சில் கேபிளுக்குப் பதில் பிரேக் ஆயில் வேலை செய்கிறது. பெடலை வேகமாக நான்கைந்து முறை அடித்துவிட்டு உடனே கியர் போடுங்கள். இப்போது மட்டும் நன்றாக விழுந்தால் லைனுக்குள் காற்று இருக்கிறது, அல்லது எங்கோ கசிகிறது. ஆயில் தொட்டியைப் பாருங்கள். பல கார்களில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் தொட்டி ஒன்றுதான். கிளட்சுக்கான குழாய் தொட்டியில் கொஞ்சம் உயரத்தில் இருக்கும். ஆயில் குறைந்தால் முதலில் கிளட்ச் போகட்டும், பிரேக் தப்பட்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். ஆகவே கிளட்ச் திடீரென்று கட் ஆகாமல் போய், தொட்டியிலும் ஆயில் குறைந்திருந்தால் அதைப் பிரேக் எச்சரிக்கையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். அப்படியே ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போக வேண்டாம்.

கசிவு தேட ஒரு செல்ஃபோன் டார்ச் போதும். டிரைவர் பக்கம் குனிந்து, கிளட்ச் பெடலின் மேல்முனை சுவரோடு சேரும் இடத்தில் விரலால் தடவுங்கள். மாஸ்டர் சிலிண்டரின் தண்டைச் சுற்றி ஈரப் பிசுபிசுப்பு இருந்தால், அல்லது கீழே கார்பெட்டில் கறை இருந்தால், அந்தச் சீல் போயிற்று. பிறகு பானெட்டைத் திறந்து, மாஸ்டரிலிருந்து வரும் ஆயில் அழுத்தத்தை வாங்கிக் கிளட்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டரை, கியர் பாக்ஸ் மேல் பாருங்கள். அதன் முனையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைச் சற்று விலக்கினால் உள்ளே உலர்ந்திருக்க வேண்டும். ஆயில் வழிந்தால் ஸ்லேவ் போய்விட்டது. விலக்கிப் பார்க்கும்போது பெடல் பக்கம் யாரும் கால் வைக்கக் கூடாது. சில கார்களில் இந்த ஸ்லேவ் கியர் பாக்ஸின் உள்ளேயே, ஷாஃப்ட்டைச் சுற்றி வளையமாக இருக்கும். வெளியே தேடினால் கிடைக்காது, மாற்றுவதற்குப் பாக்ஸை இறக்கித்தான் ஆக வேண்டும். கறுத்துப்போன ஆயில் என்றால் அதையும் மாற்றுங்கள். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை உடையது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது.

இவை எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் கட் ஆகவில்லை என்றால் உள்ளேதான் ஏதோ ஆகியிருக்கிறது: பிளேட் நெளிந்திருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்போன்ற ஸ்பிரிங் நுனி உடைந்திருக்கலாம், ஷாஃப்ட்டின் வரிப்பற்களில் துருவேறி பிளேட் நகராமல் நிற்கலாம். பின்சக்கரம் இயங்கும் பழைய வண்டிகளில் ஃப்ளைவீலின் நடுவில் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் பேரிங் இறுகினாலும் இதே அறிகுறிதான். கிளட்ச் மாற்றிய அன்றே கியர் டைட்டாக ஆரம்பித்தால், லைனில் காற்று எடுக்காமல் விட்டிருக்கலாம். பாக்ஸை ஏற்றும்போது அதன் எடை பிளேட்டில் தொங்கி அது வளைந்தும் இருக்கலாம்.

வெள்ளத்தில் நின்ற கார்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீரில் நின்றன. அப்படி நின்று, பிறகு நாள்கணக்கில் ஓட்டாமல் விட்ட காரில் கிளட்ச் பிளேட் ஃப்ளைவீலோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். பெடல் இறங்கும், பிளேட் விடுபடாது. கியர் பாக்ஸின் காற்றுத் துவாரம் வழியாகத் தண்ணீர் உள்ளேயும் போயிருக்கும். வடிக்கும் கியர் ஆயில் பால் காபி நிறத்தில் வந்தால் அதுவே சாட்சி. பேரிங்குகளும் துருப்பிடிக்கும் முன் ஆயிலை உடனே மாற்ற வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்போம் என்று விடக் கூடாது.

கிளட்ச் நன்றாக இருந்தால்

காலையில் மட்டும் செகண்ட் கியர் இறுகி, சில கிலோமீட்டர் ஓடியபின் சரியாகிறதா? கியர் ஆயிலைப் பாருங்கள். ஆயில் குளிரில் கெட்டியாக இருக்கும்போது சிங்க்ரோ ரிங்குக்கும் கூம்புக்கும் இடையிலிருந்து அது விலக நேரமாகிறது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் ஊட்டியில் இருப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். கொஞ்ச இறுக்கம் இயல்பு, மதுரை வெயிலிலும் அப்படி இருந்தால் இயல்பு இல்லை.

கியர் ஆயிலில் பலரும் கவனிக்காத விஷயம் அதன் தரம். டப்பாவில் ஜிஎல்-4, ஜிஎல்-5 என்று போட்டிருக்கும். ஐந்து பெரிய எண் என்பதால் உயர்ந்தது என்று நினைத்து ஊற்றிவிடுகிறார்கள். ஜிஎல்-5 பின் ஆக்ஸில் போன்ற இடங்களின் கடும் அழுத்தத்துக்காகத் தயாரானது. அதில் கந்தகச் சேர்மானம் அதிகம், சிலவகை ஆயிலில் அது பித்தளையை அரிக்கும். அதன் வழுவழுப்பில் சிங்க்ரோ ரிங்குக்கு வேண்டிய பிடிமானமும் கிடைக்காது. ஆயிலின் கெட்டித்தன்மையைக் கையேடு 75டபிள்யூ-80 என்று சொன்னால் அதுவே ஊற்ற வேண்டும். கடையில் 80டபிள்யூ-90 இருந்தது என்பதற்காக அதை ஊற்றக் கூடாது. சில கம்பெனிகள் தங்கள் கியர் பாக்ஸுக்குத் தனி ஆயிலே சொல்லியிருக்கும். கையேட்டை மிஞ்சிய ஆலோசனை இதில் இல்லை.

ஆயிலை வடிக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். வடிகால் போல்ட்டின் நுனியில் காந்தம் இருந்தால், அதில் சாம்பல் நிறத்தில் மைபோன்ற பூச்சு ஒட்டியிருக்கும். அது வழக்கமான தேய்மானம், துடைத்துவிட்டு மாட்டலாம். விரலில் குத்தும் இரும்புச் சில்லு இருந்தால் பல் உடைந்திருக்கிறது. வடித்த ஆயிலைச் சூரிய ஒளியில் சாய்த்துப் பார்த்தால் பொன்நிறத் துகள் மின்னலாம். காந்தத்தில் ஒட்டாத அந்தத் துகள் சிங்க்ரோ ரிங்கிலிருந்து வந்த பித்தளை. ஆயில் மாற்றினால் கொஞ்ச காலம் தேறும், ஆனால் தேய்ந்த ரிங் திரும்ப வளராது.

என்ஜின் அணைந்தபோதும் ராடு இறுகுகிறது அல்லது கஞ்சியில் கரண்டி விட்டதுபோல் தொளதொளவென்று ஆடுகிறது என்றால் இணைப்பைப் பாருங்கள். இன்றைய பெரும்பாலான கார்களில் ராடிலிருந்து இரண்டு கேபிள்கள் போகின்றன: ஒன்று இடவலமாக வரிசையைத் தேர்ந்தெடுக்க, மற்றது முன்னும் பின்னும் கியர் போட. உள்ளே ஒருவர் ராடை அசைக்க, நீங்கள் பானெட் பக்கம் நின்று கேபிள் நுனிகளைப் பாருங்கள். நுனியிலுள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்திருந்தால் ராடு அசையும், பாக்ஸ் பக்கம் அசைவு பாதிதான் வரும். ஃபர்ஸ்டும் செகண்டும் விழுந்து, ஐந்தாவதும் ரிவர்ஸும் மட்டும் தேடித்தேடி விழுந்தால் வரிசை கேபிளின் அட்ஜஸ்ட்மென்ட் விலகியிருக்கலாம். மழையில் நின்ற காரில் பாக்ஸுக்கு வெளியே தெரியும் செலக்டர் தண்டு துருப்பிடித்து இறுகும். என்ஜின் மவுண்ட் கிழிந்திருந்தால் ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போது என்ஜினும் பாக்ஸும் சாய்ந்து, அந்த நேரம் மட்டும் கியர் பிடிக்கும். புஷ், அட்ஜஸ்ட்மென்ட், மவுண்ட் எதற்கும் கியர் பாக்ஸைப் பிரிக்க வேண்டியதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் "கியர் டைட்" என்று மட்டும் சொல்லாமல் இப்படிச் சொல்லுங்கள்: "அண்ணே, என்ஜின் ஆஃபில் எல்லாக் கியரும் விழுது. ஓடும்போது நின்ன இடத்துல ஃபர்ஸ்டும் ரிவர்ஸும் இறுகுது. பெடலை அஞ்சாறு தடவை அடிச்சா சரியாகுது." இந்த மூன்று வாக்கியம் கேட்ட மெக்கானிக் கியர் பாக்ஸுக்குப் போகும் முன் ஸ்லேவ் சிலிண்டரைத்தான் முதலில் தொடுவார்.

அதுவரை கியரைப் பலவந்தமாகத் திணிக்காதீர்கள், ஓட்டும்போது ராடின்மேல் கையை வைத்தே இருக்காதீர்கள். அந்தச் சிறு எடை, உள்ளே ஸ்லீவை நகர்த்தும் ஃபோர்க்கை ஸ்லீவோடு உரசவைக்கும். நடுரோட்டில் கிளட்ச் முற்றிலும் கட் ஆகாமல் போய், என்ஜின் ஓடும்போது எந்தக் கியரும் விழவில்லை என்றால், ஹசார்டு விளக்கைப் போட்டு என்ஜினை அணையுங்கள். முன்னால் இடம் இருக்கிறதா என்று பார்த்து, ஃபர்ஸ்ட் கியரைப் போட்டு, கிளட்சை மிதித்தபடி பிரேக்கில் கால் தயாராக வைத்துச் சாவியைத் திருப்புங்கள். ஸ்டார்ட்டரின் இழுப்பிலேயே கார் குதித்து நகரும். ஓரங்கட்டும் தூரத்துக்கு மட்டும் அது போதும், அங்கிருந்து டோ செய்து கொண்டுபோங்கள்.